மருந்து தின்ற கிணறு

கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு அரசாங்கம் எனக்கு ஒரு ஆயுள் முழுக்கச் சம்பளம் தந்தது. பதவியின் பெயர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மாத்தளைச் சனங்கள் வைத்த பெயர் கக்கூஸ் மாத்தயா, அதாவது கக்கூஸ் துரை. இரண்டாவது பெயர்தான் வேலையைச் சரியாகச் சொல்கிறது என்று நான் அப்போதே ஒத்துக்கொண்டுவிட்டேன். கிணறு, மலகூடம், இறைச்சிக் கடை, சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் என்று, ஒரு ஊர் தன் விருந்தாளிக்குக் காட்ட விரும்பாத இடமெல்லாம் என் ராச்சியம்.

அண்மையில், இப்போது அதே வேலையில் இருக்கும் பிள்ளைகள் ஒரு கூட்டம் வைத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒருவர் எழும்பிக் கேட்டார்: "சேர், லீட்டர் வர முந்தி நீங்க தண்ணிய எப்படி அளந்தீங்க?" லீட்டர் வந்த பிறகுதான் இலங்கையில் தண்ணீரே வந்தது என்று அவர் நினைத்திருப்பார் போலும். நான் பதில் சொல்லத் தொடங்கினேன். பிரதம விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஆகவே பாதியில் உட்கார்ந்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன். வாசிக்கிறவர் கடிகாரம் பார்த்தால் எனக்குத் தெரியப்போவதில்லை.

களுத்துறையில் பயிற்சி. அங்கே ஈக்களின் கால்களைப் பற்றி மூன்று மாதமும், மனிதரைப் பற்றி ஒரு பின்னேரமும் படிப்பித்தார்கள். பரீட்சையில் பாசாகி ஊருக்கு வந்தேன். அறுபதுகளின் முற்பகுதி அது. மாத்தளையில் எனக்கு மேலதிகாரி சிவக்கொழுந்து ஐயா. பருத்தித்துறைப் பக்கத்துக்காரர். தேய்த்த வெள்ளைக் காற்சட்டை, ஒரு கறுத்தச் சைக்கிள், அதன் பின்னால் கட்டிய தகரப் பெட்டி. மனிதரோடு மரியாதையாகவும் எண்களோடு சந்தேகமாகவும் பழகுவார். நான் போன முதல் நாளே ஒரு கிணற்றை அளந்துவிட்டு வந்து, "தண்ணி ஒன்பது அடி ஐயா" என்றேன்.

"ஆர் அளந்தது?"

"நான்தான்."

"எதால?"

"கயிற்றால."

"ஈரக் கயிறோ, காய்ஞ்ச கயிறோ?"

கயிறு நனைந்தால் சுருங்கும் என்பது களுத்துறையில் யாருக்கும் தோன்றவில்லை. அவர் தன் பெட்டியைத் திறந்து ஒரு மெல்லிய இரும்புச் சங்கிலியை எடுத்துத் தந்தார். அதன் நுனியில் கல்லுக்குப் பதிலாகத் தட்டையான இரும்புத் தகடு. "கல்லு சேத்துக்குள்ள இறங்கும் காணும். பிறகு நீர் சேத்தையும் சேர்த்து மருந்து போடுவீர். சேற்றை ஒருத்தரும் குடிக்கிறேல்ல."

எங்கள் கணக்கு இவ்வளவுதான். கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கு. வந்ததைத் தண்ணீரின் ஆழத்தால் பெருக்கு. வந்ததை ஐந்தால் பெருக்கு. அளந்தது அடியில் என்றால் விடை கலனில் வரும். நாடு முழுக்க நாங்கள் அந்த ஐந்தை வைத்துத்தான் பிழைத்தோம். சிவக்கொழுந்து ஐயாவுக்கு மட்டும் அந்த ஐந்து பிடிக்காது. "நாலு தசம் ஒன்பது" என்பார். "பேந்து ஏன் ஐந்து எண்டு சொல்லித் தந்தவங்கள்?" என்று அவர் பாஷையிலேயே ஒருநாள் கேட்டேன். "சோம்பேறியளுக்காக" என்றார். விட்டத்தையும் ஒருமுறை அளந்தால் போதாது, குறுக்கே இன்னொரு முறை அளக்க வேண்டும். உலகத்தில் வட்டமான கிணறு என்று ஒன்று கிடையாது என்பது அவருடைய முடிவு. நானும் முப்பது வருடம் தேடிப் பார்த்தேன். கிடையாதுதான்.

கலன் தெரிந்த பிறகு வெளிற்றும் தூள், அதாவது பிளீச்சிங் பவுடர். ஆயிரம் கலனுக்கு இரண்டரை அவுன்ஸ். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை மா மாதிரிக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துக் கொஞ்சம் நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சோதனை மருந்து சில துளி விட வேண்டும். நீர் மஞ்சளானால் தண்ணீரில் மருந்து மிச்சம் இருக்கிறது, கிருமி செத்தது. மஞ்சளாகாவிட்டால் கிருமி இருக்கிறது, மருந்து செத்தது.

சின்னச் சின்னப் பஞ்சாயத்துகள் தினமும் வரும். எங்கள் பள்ளிவாசல் ஹவுழுக்கு, அதாவது தொழுமுன் கைகால் கழுவி ஒளூச் செய்யும் தொட்டிக்கு, மருந்து போடப் போனபோது லெப்பை தடுத்தார். "மகன், ரெண்டு குல்லா அளவு தண்ணிக்கு மேல ஈந்தா அது அசுத்தமாகாது, நஜீஸாகாது. மார்க்கச் சட்டம். உங்கட தூள் என்னத்துக்கு?"

"ரெண்டு குல்லா எத்தின கலன் லெப்பை?"

ஒன்றேகால் முழ நீளம், ஒன்றேகால் முழ அகலம், ஒன்றேகால் முழ ஆழம் என்றார். நான் அங்கேயே இருந்து முழத்தை அடியாக்கி, அடியைக் கலனாக்கிப் பார்த்தேன். நாற்பத்தொரு கலன் வந்தது. ஹவுழ் ஆயிரத்து இருநூறு. "பாத்தீங்களா, முப்பது பங்கு சுத்தம்" என்று லெப்பை சந்தோஷப்பட்டார்.

"மார்க்கத்துக்குச் சுத்தந்தான் லெப்பை. கிருமி ஓதிப் படிக்கல்லயே."

அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "சரி, பாதி போடுங்க" என்று பேரம் பேசினார். முழுக்கப் போட்டேன்.

எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் தேத்தண்ணீர் ஆஸ்பத்திரி மணக்கிறது என்று வேலைக்குப் போக மறுத்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஐயாயிரம் கலன் என்று பெரிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. ஆபீஸ் கிளார்க் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் மருந்து போட்டுக்கொண்டிருந்தார். சிவக்கொழுந்து ஐயா நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தார். ஐயாயிரம் சரியாக வந்தது. கிளார்க் நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு இரும்புத் தகட்டை உள்ளே விட்டோம். பாதி வழியில் நின்றது. கீழ்ப் பாதி முழுக்கச் சேறு, அதற்குள் தவளைக் குடும்பங்கள், யாரோ தொலைத்த ஒரு தேத்தண்ணீர்க் கேத்தல்.

"உங்கட பெயின்ட் சரி தம்பி" என்றார் கிளார்க்கிடம், மிக மரியாதையாக. "தண்ணியிலதான் பிழை."

இப்படியே சிரித்துக்கொண்டு காலம் போயிருக்கும். அந்தச் சந்துக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்.

மாத்தளை டவுனிலிருந்து சுண்ணாம்புச் சூளைகளுக்குப் போகிற வழியில் ஒரு சந்து. இரு பக்கமும் வாடகை அறைகள். சூளையில் வேலை செய்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், இரண்டு தையல்காரர்கள், அப்பம் சுட்டு விற்கிற பார்வதி. எல்லோருக்கும் சந்தின் முடிவில் ஒரே கிணறு. சொந்தக்காரர் சலீம் முதலாளி, மிளகும் கொக்கோவும் வாங்கிக் கண்டிக்கு அனுப்புகிறவர். சந்துக்கு மேலே மேட்டில் புது வீடு கட்டிக் குடியிருந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் என் மனைவியின் சாச்சா, அவளுடைய வாப்பாவின் தம்பி. என் கலியாணத்தில் பக்கத்தில் இருந்து என் தோளைத் தட்டியவர்.

முதலில் ஒரு தையல்காரருக்குக் காய்ச்சல். பிறகு நான்கு பிள்ளைகளுக்கு. நெருப்புக் காய்ச்சல், டைபொய்ட், என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சூளையில் கல் உடைக்கும் மருதமுத்துவின் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிந்திவிட்டது, உயிர் தங்கவில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த பிள்ளை.

நான் கிணற்றை அளந்தேன். எட்டடி விட்டம், பத்தடித் தண்ணீர். ஐந்தால் பெருக்கினால் மூவாயிரத்து இருநூறு கலன், ஐயாவின் நாலு தசம் ஒன்பதால் பெருக்கினால் அதற்குக் கொஞ்சம் குறைவு. எந்தப் பக்கம் பார்த்தாலும் எட்டு அவுன்ஸ், அரை இறாத்தல் தூள். போட்டேன், கலக்கினேன், அரை மணி நேரம் நின்றேன். குழாயில் வெளிறிய மஞ்சள், பார்த்தேன் என்று சொல்லலாம், பார்க்கவில்லை என்றும் சொல்லலாம். பின்னேரம் வந்து பார்த்தேன். மருந்தே படாத வெறும் தண்ணீராக நின்றது. மறுநாள் ஒரு இறாத்தல் போட்டேன். அதையும் விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது கிணறு.

"தண்ணிய நல்லாக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்று வீடு வீடாகச் சொன்னேன். விறகு வாங்கித் தருவாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

மூன்றாவது தடவை நான் தூளும் வாளியுமாகப் போனபோது பார்வதி வழியை மறித்தாள். இடுப்பில் கை, கையில் அப்பச் சட்டி மூடி.

"மாத்தயா, உண்மையச் சொல்லுங்க. என்னாத்தப் போடுறீங்க கெணத்துல? கோதும மாவா?"

"என்ன கத இது?"

"முன்ன ஒருக்கா தேர் நேரத்துல மருந்து போட்டாங்க. மூணு நாளைக்கு எம் மாவு பொங்கவே இல்ல. கள்ளு ஊத்தியும் பொங்கல. அப்பம் ரொட்டி மாதிரி வந்துச்சு, ஒருத்தன் வாங்கல. இப்ப நீங்க ரெண்டு நாளா போடுறீங்க. என் மாவு சட்டிய விட்டு வெளிய வந்து நிக்கிது. அப்ப நெசமான மருந்து எங்க போச்சு?"

சனம் கூடிவிட்டது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "எங்க போகும்? மேல் வீட்டு மாப்பிள்ளைதானே. கடையில வித்திருப்பாரு."

அடுத்த குரல் அதைவிட மோசம். அறைகளைக் காலி பண்ண முதலாளியும் மருமகனும் சேர்ந்து செய்கிற வேலை என்றது. மருதமுத்து ஓரத்தில் நின்றான். அவன் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சிவக்கொழுந்து ஐயாவிடம் ஓடினேன். அவர் கேள்விகளை ஒழுங்காகக் கேட்டார். சங்கிலியா? ஆம். தகடா? ஆம். இரண்டு விட்டமா? ஆம். தூள் பழசா? அன்று உடைத்த டின். பார்வதியின் மாவைப் பற்றிச் சொன்னதும் தலையை நிமிர்த்தினார்.

"மா பொங்கினதோ?"

"சட்டிக்கு வெளியால வந்து நிக்கிதாம்."

"அப்ப உம்மட கணக்குச் சரி, சோதனையும் சரி. மருந்து போனதும் சரி." சைக்கிளை எடுத்தார். "ஆனா கள்ளன் நீரில்ல. கிணத்துக்குள்ள இருக்கிறான். ஊத்தைதான் மருந்தைத் தின்னும்."

நகரசபையிலிருந்து ஒரு தண்ணீர்ப் பம்ப் இரவல் வாங்கி மறுநாள் கிணற்றை இறைத்தோம். காலையில் தொடங்கி மத்தியானம் கிட்டும்வரை இறைத்துக்கொண்டே இருந்தோம். அடித்தரை தெரியத் தொடங்கியதும் யார் இறங்குவது என்ற கேள்வி வந்தது. கிணறு வெட்டுகிறவன் அன்றைக்குக் கூலி வேலைக்கு உக்குவளைக்குப் போயிருந்தான். மருதமுத்து சட்டையைக் கழற்றி மதில் மேல் வைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அவனைக் கேட்க எனக்கு வாய் வந்திருக்காது. நாங்கள் கேட்கும்வரை அவன் காத்திருக்கவும் இல்லை.

கீழே அவன் சுவரைத் தடவிக்கொண்டு சுற்றி வந்தான். கருங்கல் இல்லை, சுண்ணாம்புக் கல். அவனுக்குத் தெரியாத கல்லா?

"ஐயா, இங்கன ஒரு வெடிப்பு இருக்குங்க. மேட்டுப் பக்கம். என் கை முழங்கை வரைக்கும் போகுது. தண்ணி இதுலருந்துதான் வருது."

"தண்ணி எப்படி இருக்கு?" ஐயா குனிந்து கேட்டார்.

கையில் ஏந்தி மூக்கருகே கொண்டுபோனான். பிறகு, "வாசம் நல்லால்லங்க" என்றான்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து மேட்டைப் பார்த்தோம். அங்கே இருந்தது ஒரே வீடு.

சலீம் முதலாளியின் அந்த வீட்டைப் பற்றி மாத்தளையில் அப்போது ஒரே பேச்சு. வீட்டைப் பற்றி என்பதைவிட அதன் கொமட்டைப் பற்றி. எங்கள் குடும்பத்திலேயே முதல் கொமட். கொழும்பிலிருந்து வெள்ளைப் பீங்கானில் வந்து, சங்கிலியை இழுத்தால் வெள்ளம் மாதிரித் தண்ணீர் வரும். பெருநாளுக்குப் போன விருந்தாளிகளுக்கு வட்டிலப்பம் கொடுக்குமுன் அதைத்தான் காட்டினார். என் மாமி சங்கிலியை இழுத்துவிட்டுப் பயந்து வெளியே ஓடி வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"வாங்க மகன், வாங்க சேர்" என்று முதலாளி வரவேற்றார். "கீழ்ச் சந்தில காய்ச்சலாமே. சனம் துப்புரவில்ல, நான் எத்தின தரம் சென்னேன்."

"உண்மைதான்" என்றார் சிவக்கொழுந்து ஐயா. "உங்கட வீட்டில நல்ல வசதி எண்டு கேள்விப்பட்டன். மலக்குழி எவ்வளவு பெரிசு?"

அதைக் கேட்க இவ்வளவு நாள் ஒருவரும் வரவில்லையே என்ற சந்தோஷம் முதலாளியின் முகத்தில். "எட்டடி நீளம், நாலடி அகலம், அஞ்சடி ஆழம். மேசன் பாஸ் கேட்டான் ஏன் இவ்வளவு பெரிசு எண்டு. நான் சென்னேன், செய்றத ஒழுங்காச் செய்யோணும்."

"ஆயிரம் கலன்" என்றார் ஐயா உடனே. கண்ணை மூடிக்கொண்டு. "வீட்டில எத்தினை பேர்?"

"ஒன்பது பேர். வேலைக்காரரோட."

"சங்கிலியை ஒருக்கா இழுத்தா ரண்டு கலன் போகும். ஒராள் நாளைக்கு மூண்டு நாலு தரம். அறுபது எழுபது கலன் ஒரு நாளைக்கு." கண்ணைத் திறந்தார். "அரை மாதத்தில நிரம்பி வழிய வேணும் முதலாளி. வழியிற தண்ணிக்குப் பக்கத்தில உறிஞ்சு குழி எங்க வெட்டியிருக்கிறியள்?"

"அது என்னத்துக்கு சேர்?" முதலாளி பெருமையில் முன்னால் சாய்ந்தார். "ரெண்டு வருஷமாயிட்டு. ஒரு நாளும் நிரம்பல்ல!"

ஆயிரம் கலன் தொட்டி, இரண்டு வருடம், ஒன்பது பேர், நிரம்பவில்லை. அவர் சொன்னது என்னவென்று அந்த அறையில் அவருக்கு மட்டும்தான் விளங்கவில்லை. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். முதலாளியின் முகம் மாறியது. புது முற்றம், சீமெந்து போட்டு மூடியது, உடைக்க விட முடியாது. சந்துச் சனம் வாடகை கொடுக்காமல் இருக்கக் கதை கட்டுகிறது. மருமகனாக இருந்துகொண்டு நான் இதற்கெல்லாம் ஆள் கூட்டி வரலாமா? கொழும்பில் தனக்கு யாரைத் தெரியும் என்பதையும் சொன்னார்.

சிவக்கொழுந்து ஐயா வாதாடவில்லை. எழும்பினார். பிறகு வயிற்றில் கையை வைத்தார்.

"முதலாளி, குறை நினையாதேங்கோ. காலமை தொடக்கம் வயிறு சரியில்லை. உங்கட கொமட்டை ஒருக்காப் பாவிக்கலாமோ?"

கோபமெல்லாம் பறந்தது. "ஐயோ, அதுக்கென்ன சேர்!" முதலாளியே முன்னால் போய்க் கதவைத் திறந்து, சங்கிலியை எப்படி இழுப்பது என்று விளக்கம் கொடுத்தார். ஐயா உள்ளே போனார். அவருடைய சட்டைப் பையில் கண்டி ஆய்வுகூடத்திலிருந்து வாங்கி வைத்திருந்த சின்னப் போத்தல் இருந்தது. உள்ளே செம்பழுப்பு நிறத் தூள், தண்ணீரில் பட்டால் கடும் பச்சை. நிலத்தடியில் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கிற சாயம், குடித்தாலும் கெடுதி இல்லை. போத்தலில் கிராம் என்று எழுதியிருந்ததைக் காலையில் சிகரெட் பெட்டியின் பின்னால் அவுன்ஸாக்கி, மூவாயிரம் கலனுக்குக் கால் போத்தல் போதும் என்று அவரே கணக்குப் பார்த்திருந்தார்.

சங்கிலிச் சத்தம் கேட்டது. திரும்பவும் கேட்டது. மூன்றாவது தடவை. முதலாளி என்னைப் பார்த்து, "பாவம், நல்லாத்தான் வருத்தம்" என்றார்.

வெளியே வந்த ஐயா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, உமக்கும் வயிறு சரியில்லை எண்டீரே."

நானும் போனேன். நானும் மூன்று தடவை இழுத்தேன். மனைவியின் சாச்சா வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதைகளிலேயே பெரியது அதுதான்.

இறங்கி வரும்போது கேட்டேன், "கால் போத்தல்தானே ஐயா ஊத்தினீங்க?"

வெறும் போத்தலைக் காட்டினார். "முழுக்க."

"நீங்களா? கணக்கு?"

"இது கணக்குக்கு ஊத்தினது இல்லைக் காணும். சாட்சிக்கு ஊத்தினது. கண் தெரியாதவனுக்கும் தெரிய வேணும்."

கிணறு மறுபடி ஊறிக்கொண்டிருந்தது. நாங்கள் மதிலில் உட்கார்ந்தோம். லுஹர் தொழுகை போனது. ஒன்றும் இல்லை. வெயில் சாய்ந்தது. ஒன்றும் இல்லை. ஒருவேளை அந்த வெடிப்பு வேறு எங்கோ போகிறதோ, முதலாளியின் தொட்டி உண்மையிலேயே அதிசயத் தொட்டியோ என்று நான் யோசிக்கத் தொடங்கினேன். அவர் கொழும்புக்குப் போன் எடுத்தால் என் வேலை, வீட்டுக்குப் போனால் என் மனைவி, எதற்கு முதலில் பதில் சொல்வது என்றும் யோசித்தேன். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்டபோது பார்வதி வாளியோடு வந்தாள். எங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வாளியை விட்டாள், இழுத்தாள். பாதியில் கையை விட்டுவிட்டு, "அடி மாரியாத்தா!" என்று கத்தினாள்.

எட்டிப் பார்த்தோம். கிளிப் பச்சை. வெயில் பட்ட இடமெல்லாம் மினுங்கியது. மேட்டுப் பக்கச் சுவரிலிருந்து அது புகை மாதிரிச் சுழன்று சுழன்று வந்துகொண்டிருந்தது.

சந்து முழுக்கக் கூடியது. நஞ்சு என்றார் ஒருவர். அம்மன் கோபம் என்றார் இன்னொருவர். சிவக்கொழுந்து ஐயா மதில் மேல் ஏறி நின்றார். அவர் சத்தம் போட்டுப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பயப்பட வேண்டாம். இது வெறும் சாயம். இதை நான் மத்தியானம் மேல் வீட்டுக் கொமட்டுக்குள்ள ஊத்தினன். இப்ப உங்கட கிணத்துக்க வந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "சாயம் தனிய வரேல்லை."

விளங்க ஒரு நொடி எடுத்தது. பிறகு சிலர் அங்கேயே வாந்தி எடுத்தார்கள். பார்வதி எடுக்கவில்லை. பச்சைத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினாள். சந்தே பின்னால் ஏறியது.

முதலாளி வாசலுக்கு வந்தார். பார்வதி வாளியை அவர் காலடியில் வைத்தாள். "குடிங்க மொதலாளி. ஒங்க வீட்டுதுதான்."

அவர் வாளியைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அல்லாஹ் மேல ஆணை, எனக்குத் தெரியாது. அடிக்குச் சீமெந்து போடக் காசு குடுத்தேன். பாஸ் போடல்ல. எனக்குத் தெரியாது."

நான் அதை நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அடியில்லாத தொட்டியை அவரே கட்டச் சொல்லியிருக்க மாட்டார். பிறகு விசாரித்ததில், முந்திய மாதம் அவர் வீட்டிலேயே ஒருவர் காய்ச்சலில் கிடந்து எழும்பியது தெரிய வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருதமுத்து முன்னுக்கு வந்தான். கையில் சூளையில் கல் பெயர்க்கிற அலவாங்கு. எல்லோரும் ஒதுங்கினார்கள். முதலாளி இரண்டடி பின்னால் போனார். நான் குறுக்கே போக நினைத்தேன், போகவில்லை.

மருதமுத்து அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"தெரியாதுதான் மொதலாளி. நம்புறேன். தெரிஞ்சிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

முதலாளி முற்றத்துச் சீமெந்தை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான்.

மருதமுத்து இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். பிறகு அவரைக் கடந்து போய் முற்றத்தில் தொட்டி மூடியைத் தேடி, அலவாங்கை இறக்கினான். ஒருவரும் தடுக்கவில்லை. நான் ஐயாவின் காதில், "சட்டப்படி முதல்ல நோட்டீஸ் குடுக்கணுமே" என்றேன்.

"குடுப்பம்" என்றார். "அவர் உடைச்சு முடியட்டும்."

மூடி உடைந்ததும் எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒரு முழம்கூட நிரம்பியிருக்கவில்லை. அடியில் சுண்ணாம்புப் பாறை, அதில் ஒரு கறுத்த வாய். அன்றே சூளையிலிருந்து கூடை கூடையாகச் சுண்ணாம்பு கொண்டுவந்து கொட்டினார்கள். கிணற்றைக் கல் போட்டு மூடினோம். சந்துக்கு நகரசபைக் குழாய் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைகள் மூன்றும் தலைமுடி கொட்டி, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தன. வந்தன, அதுதான் விஷயம்.

என் வீட்டில் கிணற்றைவிடப் பெரிய கலவரம். "எங்கட பரம்பரையிலயே" என்றாள் என் மனைவி, "சாச்சாட கக்கூஸுக்குள்ள சாயம் ஊத்தின மாப்பிள்ளை நீங்க ஒராள்தான்." ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, மருதமுத்துவின் மகனுக்கு எத்தனை வயது என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி கறி ஊற்றினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

மருதமுத்துவின் கேள்விக்குச் சலீம் முதலாளி பதில் சொல்லாமல் இல்லை. கொஞ்ச நாளில் சொன்னார். சிவக்கொழுந்து ஐயாவைப் பல்லேகமைக்கு மாற்றிக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், அப்போது மழை பெய்தால் பஸ் போகாத இடம். நான் கொதித்தேன். மேலே எழுதுவோம், எல்லோரும் கையெழுத்து வைப்போம் என்றேன்.

"என்னத்துக்கு?" என்றார். "அங்கையும் சனம் தண்ணி குடிக்குதுதானே."

அவர் போன காலை பஸ் ஸ்டாண்டில் சந்துச் சனம் பாதி நின்றது. மருதமுத்து அவருடைய ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸின் மேல் ஏற்றிக் கட்டினான். கட்டி முடித்துவிட்டும் கீழே இறங்காமல் முடிச்சைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்வதி வாழையிலையில் சுற்றிய ஒரு பார்சலை யன்னல் வழியாக நீட்டினாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. தான் பரிசோதிக்கிற இடத்தில் யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்காத மனிதர் அவர். அது எங்கள் வேலையில் எழுதாத சட்டம்.

"ஐயா வாங்கமாட்டாரு பார்வதி" என்றேன் மெதுவாக.

சிவக்கொழுந்து ஐயா என்னைப் பார்த்தார். "எனக்கு இப்ப எந்தப் பிரிவு?"

"பல்லேகமை."

"இந்த அம்மா எந்தப் பிரிவு?"

"மாத்தளை."

"அப்ப எனக்கும் இவவுக்கும் உத்தியோகச் சம்பந்தம் ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு, மடியில் அப்பப் பார்சலை அவிழ்த்தார். பஸ் புறப்பட முன்னமே சாப்பிடத் தொடங்கினார். முழு பஸ்ஸும் பார்க்க, ஒன்றன்பின் ஒன்றாக, விரலை நக்கி நக்கி. பஸ் வளைவில் திரும்பும்வரை அவர் நிமிரவேயில்லை.